பெட்டி திறக்குதில்லை, உறுதி நமுத்துப் போச்சு: தீக்காப்புப் பெட்டியின் பழுதும் பரிகாரமும்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "தம்பி, பெட்டி திறக்குதில்லை" என்று ஒருவர். "அண்ணை, காணி உறுதியெல்லாம் நமுத்துப் போச்சு" என்று இன்னொருவர். பூட்டு வேலை என் தொழில் இல்லை. சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் அம்மா இருக்கும் வீட்டுக்கு ஒரு தீக்காப்புப் பெட்டி வாங்கினோம். அதோடு பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதை வைத்து உறவுக்குள்ளும் அயலுக்குள்ளும் பல பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விடயம் விளங்கினால் பாதிப் பழுது தானாக விளங்கும். இந்தப் பெட்டியின் சுவர் வெறும் இரும்பு இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஜிப்சமோ ஒருவகைக் கொங்கிறீட்டோ நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலுக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. வெளியே தீ எரியும்போது அது ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இடியப்பச் சட்டியில் தண்ணீர் இருக்கும் மட்டும் சட்டி கருகாது, அதே கதைதான். ஆபத்து நாளில் காவல் நிற்கும் அந்தத் தண்ணீர், மற்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். கதவோ காற்றுப் புகாமல் இறுகச் சாத்தும். ஈரம், பூஞ்சணம், துரு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பச்சை விளக்கு எரிகிறது, க்ளிக் என்று சத்தமும் கேட்கிறது, கைபிடி மட்டும் திரும்பவில்லை

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பெரும்பாலும் பூட்டில் பழுதே இருக்காது. கதவின் விளிம்பிலிருந்து வெளியே வரும் தடித்த கம்பிகள்தான் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கின்றன. பெட்டியை வாய்வரை நிரப்பிக் கதவை அமத்திச் சாத்தினால், உள்ளே இருக்கும் சாமான் கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பிகள் சட்டத்தோடு இறுகிவிடும். பூட்டு விட்டாலும் கம்பி அசையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கைபிடியை விட்டுவிடுங்கள். முடிந்தால் பூட்டும் பக்கமாக ஒருமுறை லேசாகத் திருப்பி விடுங்கள். ஒருவர் முழங்காலாலோ தோளாலோ கதவை உள்பக்கமாக நன்றாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். தள்ளியபடியே மற்றவர் எண்ணை அடித்து, பச்சை வந்தவுடன் கைபிடியைத் திருப்ப வேண்டும். சில விநாடிகளில் பூட்டு மறுபடி விழுந்துவிடும், ஆறுதலாக யோசித்துத் திருப்ப நேரம் இல்லை. பலர் கைபிடியை இறுக்கித் திருப்பிப் பிடித்துக்கொண்டே எண்ணை அடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளே கம்பிகளைத் தடுத்து நிற்கும் சின்ன ஊசி நசிபட்டு மேலே எழும்பாது.

சுன்னாகத்தில் சின்ன மாமி வீட்டுப் பெட்டி இரண்டு நாளாகத் திறக்கவில்லை. பூட்டை வெட்டுகிற ஆளைக் கூப்பிடுவதற்கு முதல் நாள் நான் போனேன். மூத்த மகளின் கல்யாண அல்பத்தை நிமிர்த்தி வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். அல்பத்தின் தடித்த மட்டை கதவில் முட்டிக்கொண்டிருந்தது. நான் முழங்காலைக் கொடுத்துத் தள்ள, மாமி எண்ணை அடிக்க, கைபிடி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அன்றிலிருந்து அல்பம் அலுமாரியில்தான் இருக்கிறது.

தள்ளியும் வரவில்லை என்றால், எண்ணை அடிக்கும் அதே நேரத்தில் விசைப்பலகைக்குப் பக்கத்தில் கைமுட்டியால் ஒரு தட்டுத் தட்டுங்கள். உப்புக் காற்றில் ஊசி இறுகியிருந்தால் அந்த அதிர்வில் விடும். ஆனால் எண்ணே இல்லாமல் வெறும் தட்டலுக்குத் திறக்கும் பெட்டியும் உண்டு. உங்களுடையது அப்படியானால் அதற்குள் நகை வைக்க வேண்டாம்.

விளக்கு எரிகிறது, க்ளிக் சத்தம் இல்லை

பற்றரி. விளக்குக்கும் கீச்சுச் சத்தத்துக்கும் கொஞ்ச மின்சாரம் போதும். ஊசியை இழுக்கும் சுருளுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதனால் விளக்கு எரிகிறது என்பதற்காகப் பற்றரி நல்லது என்று நினைக்கக்கூடாது. அல்கலைன் என்று எழுதியிருக்கும் புதுப் பற்றரியை மட்டும் போடுங்கள். சுவர் மணிக்கூட்டுக்கு வாங்கும் மலிவுப் பற்றரி இந்த வேலைக்கு உதவாது. நான்கு போடும் பெட்டியில் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

மாற்றும்போது பற்றரி உட்காரும் கம்பிச் சுருளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அரத்தாள் துண்டாலோ காய்ந்த பழைய பல்துலக்கியாலோ தேய்த்து எடுங்கள். பண்ணை, குருநகர், வல்வெட்டித்துறை போலக் கடலுக்குப் பக்கத்து வீடுகளில் இது சீக்கிரம் பூக்கும். சித்திரையில் ஒருமுறை, மாரி தொடங்கும்முன் ஒருமுறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை பற்றரி மாற்றினால் இந்தத் தொல்லை வராது.

ஒன்றுமே எரியவில்லை

பற்றரி வெளிப்பக்கம் இருந்தால் மாற்றினால் முடிந்தது. கதவின் உள்பக்கம் இருந்தால் மூன்று வழிகளில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சில பெட்டிகளில் விசைப்பலகையின் கீழே இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். 9 வோல்ட் பற்றரியின் இரண்டு முனையையும் அவற்றில் அழுத்திப் பிடித்தபடி எண்ணை அடிக்க வேண்டும். திறக்கும் வரை கையை எடுக்கக்கூடாது. சிலவற்றில் வெளியே செருகும் சின்னப் பற்றரிப் பெட்டியோ, தொலைபேசி சார்ஜ் போடும் துளை மாதிரி ஒன்றோ இருக்கும். மூன்றாவது வழி அவசரத் திறப்பு (சாவி). கொம்பனிப் பெயர் பொறித்த பிளாஸ்டிக் தகட்டையோ வட்ட மூடியையோ நெம்பினால் திறப்புத் துளை தெரியும்.

அந்தத் திறப்பு எங்கே? பத்துக்கு ஆறு வீட்டில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதை வாசிக்கும்போதே எழும்பிப் போய் அதை வெளியே எடுங்கள். அதே வீட்டு லாச்சியிலும் வேண்டாம், களவுக்கு வருபவன் முதலில் பார்க்கும் இடம் அது. அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். திறப்பில் இருக்கும் இலக்கத்தையும் பெட்டியின் தொடர் இலக்கத்தையும் படம் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி விடுங்கள். திறப்புத் தொலைந்தால் உற்பத்தியாளரிடம் கேட்க அந்த இரண்டு இலக்கமும் வேண்டும்.

பற்றரி செத்தால் எண்ணும் அழிந்துவிடுமோ என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலான பெட்டிகளில் அழியாது.

சரியான எண்ணுக்கும் பிழை காட்டுகிறது

மூன்று நான்கு தடவை பிழையாக அடித்தால் பூட்டு தானே சில நிமிடங்கள் உறங்கிவிடும். அந்த நேரத்தில் சரியான எண்ணை அடித்தாலும் ஏற்காது, சில பூட்டுகளில் நேரம் இன்னும் நீளும். கையை எடுத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வாருங்கள். பிறகு ஒவ்வொரு பட்டனையும் அமத்தும்போது சத்தம் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணில் இருக்கும் ஒரு பட்டன் தேய்ந்திருந்தால் ஆறு அமத்தலுக்கு ஐந்து சத்தம்தான் கேட்கும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். பல பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது உங்கள் எண்ணுக்கு மேலாக ஒரு தலைமை எண்ணும் போட்டு வரும். ஆறு சைபர் மாதிரி யாருக்கும் தெரிந்த எண். கைநூலைப் பார்த்து அதையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் எண் எவ்வளவு இரகசியமாக இருந்தும் பயனில்லை.

எல்லாம் செய்தும் திறக்காவிட்டால் பெட்டி தெரிந்த பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், கிறைண்டர்காரரை வேண்டாம். ஒரு வீட்டில் கிறைண்டரால் கதவை வெட்டினார்கள். பெட்டி திறந்தது. ஆனால் சீறிய பொறியில் உள்ளே இருந்த விவாகப் பதிவுப் பத்திரத்தின் ஒரு பக்கம் கருகிவிட்டது. தீயிலிருந்து காக்க வாங்கிய பெட்டிக்குள்ளே தீ வைத்த மாதிரி ஆனது.

உள்ளே ஈரவாடை, உறுதி நமுத்திருக்கிறது, கடதாசியில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம்

எங்கள் ஊருக்கு இதுதான் பெரிய தலையிடி. மற்ற நாடுகளின் கைநூலில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே வீட்டுக்குள் காற்று காய்ந்திருக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் தலையணை உறையே காயாது. அந்த ஈரக்காற்றைப் பெட்டிக்குள் அடைத்து, சுவரிலிருந்து கசியும் ஈரத்தையும் சேர்த்து, மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் என்ன நடக்கும்? அம்மாவின் சீதன உறுதியை நான் முதல் வருடம் தையில் எடுத்தபோது குண்டூசி குத்திய இடம் தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாகப் பரவியிருந்தது. ஊசியை இழுக்க, சுற்றியிருந்த கடதாசி ஊசியோடேயே வந்தது. இடம்பெயர்ந்து காலால் நடந்து வந்த காலத்தில்கூடக் கெடாமல் அம்மா காப்பாற்றிய கடதாசி அது.

அன்றிலிருந்து நாங்கள் செய்வது:

குண்டூசி, கிளிப், ஸ்டேப்பிள் எதுவும் உள்ளே போகாது. எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளைப் பருத்தி நாடாவால் தளரக் கட்டுவோம். உறுதியைப் பளபளப்பான பிவிசி உறையில் போடுவதில்லை. போட்டோக்கொப்பி மை அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எழுத்தோடு உரிந்து வரும். பொலிப்புரொப்பிலீன் என்று எழுதியிருக்கும் உறை நல்லது. அந்த உறைகளை இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவுக்குள்ளும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பை போட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள். பெட்டியின் ஈரம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடதாசி தன் உலகத்தில் காய்ந்து இருக்கும். டப்பாவைக் காய்ந்த வெயில் நாளில் நிரப்ப வேண்டும், மழை நாளில் மூடினால் மழையையும் சேர்த்து மூடியதாகும்.

சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறுவதை வாங்குங்கள். செம்மஞ்சள் நிறம் போய்ப் பச்சையாகவோ வெளிறியோ வந்தால் ஈரம் குடித்து முடிந்தது என்று அர்த்தம். அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் காய வைத்தால் பழைய நிறம் திரும்பும். நீல நிறத்தில் வருவதை வாங்காதீர்கள், அந்த நிறத்துக்குப் போடும் இரசாயனம் நஞ்சு. அரிசி, உப்பு, கற்பூரம், பூச்சி உருண்டை எதுவும் இதற்குப் பதில் ஆகாது. பூச்சி உருண்டை ஈரத்தைத் தொடவே தொடாது.

அப்புறம், கிழமைக்கு ஒருமுறை கதவைத் திறந்து பதினைந்து இருபது நிமிடம் காற்றாட விடுங்கள். அம்மா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் முன் திறப்பார். அதனால் மறப்பதில்லை.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், கடதாசிக்குள் இன்னும் உள்ளே போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துக் காய விடுங்கள். நேர் வெயில் மையை வெளிறச் செய்யும். நன்றாகக் காய்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டி விடுங்கள்.

வெள்ளி கறுக்கிறது, முத்து மங்குகிறது

வெள்ளியைத் தனித்தனி ஸிப் வைத்த பையில் காற்றை அமத்தி எடுத்து மூடி வையுங்கள். முத்தை அப்படி இறுக மூடக்கூடாது, பருத்தித் துணியில் சுற்றினால் போதும். கைக்கடிகாரம், பற்றரி போட்ட எந்தச் சாமானும் பெட்டிக்குள் நீண்ட காலம் இருக்க வேண்டாம்.

கதவு தானாகத் திறந்துகொண்டு போகிறது அல்லது அடியில் உரசுகிறது

நிலம் மட்டமில்லை. ஒரு கரையில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்தால் சரி. எண்ணெய் போடும் எண்ணம் வந்தால் பிணைச்சலுக்கு மட்டும் ஒரு சொட்டு. கதவைச் சுற்றி ஓடும் பட்டியில் எண்ணெயோ பெயின்றோ பட விடாதீர்கள். தீச்சூட்டில் அந்தப் பட்டிதான் வீங்கி இடைவெளியை அடைக்கும். அது கிழிந்திருந்தால் பெட்டி தீக்காப்புப் பெட்டியே இல்லை.

கடைக்காரர் தீப்பிடிக்காது என்கிறார், ஆனால் பெட்டியை ஒருவராகத் தூக்கலாம்

அப்படியானால் அது வெறும் தகரம். எனக்கு முதலில் விற்கப் பார்த்ததும் அப்படி ஒன்றுதான். நிறத்தையும் விளக்கையும் காட்டினார்களே தவிர, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு மணி நேரம் தீ தாங்கும் பெட்டி, 30, 35 லீற்றர் கொள்ளளவுக்கே 40 கிலோ அளவில் பாரம் இருக்கும். கடைக்கு ஒரு அளவுநாடா கொண்டு போங்கள். வெளி அகலத்திலிருந்து உள் அகலத்தைக் கழித்து இரண்டால் பிரியுங்கள். சுவர் இரண்டு விரல் தடிப்பாவது வர வேண்டும். சில மில்லிமீற்றர்தான் வந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

பிறகு கதவின் உள்பக்கத்து ஒட்டியைப் பாருங்கள். அமெரிக்கத் தரமான யூஎல் 72, ஐரோப்பியத் தரமான ஈஎன் 1047 அல்லது ஈஎன் 15659, ஜப்பானிய ஜேஐஎஸ் தரம், இவற்றில் ஏதாவது ஒன்றும் கூடவே நேரமும் எழுதியிருக்க வேண்டும். யூஎல்லின் ஒரு மணி நேரச் சோதனையில் உலை 927 பாகை செல்சியஸ் வரை ஏறும், பெட்டிக்குள் 177 பாகையைத் தாண்டக்கூடாது. கடதாசி அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் 177 பாகையில் பென் டிரைவ் உருகும், புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிளாஸ்டிக் போட்டு ஒட்டிய அட்டை சுருளும், மை இல்லாமல் சூட்டால் அச்சடிக்கும் பில்கள் முழுக் கறுப்பாகும். பொன் உருக 1064 பாகை வேண்டும், அதற்குப் பயமில்லை. அரக்கு வைத்துக் கல் பதித்த பழைய நகையில் அரக்கு இளகிக் கல் கழன்றுவிடும். பென் டிரைவ் மாதிரிச் சாமானுக்கு உள்ளே 52 பாகைக்கு மேல் ஏறாத தனிவகைப் பெட்டி உண்டு, விலை கூட. அதைவிட, இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருப்பவரிடம் கொடுப்பது சுகம்.

அரை மணி நேரப் பெட்டி போதுமா என்று கேட்பார்கள். எங்கள் ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். பனஞ்சிலாகையும் பனைமரத் தீராந்தியும் எரிந்து விழுந்தால், தீ அணைந்தபின்னும் தணல் விடியும்வரை கிடக்கும். ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டி வந்து திரும்பவும் நேரம் போகும். நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததை யாருக்கும் சொல்வதில்லை. வைக்கும் இடமும் முக்கியம். குசினிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் தூரமாக, கொங்கிறீட் தட்டுக்குக் கீழே இருக்கும் அறையில், வெளிச்சுவர் மூலையில் வையுங்கள்.

தீக்காப்புப் பெட்டி களவுக்குக் காப்பு என்று நினைத்து விடாதீர்கள். இரண்டும் வேறு. தீக்காப்புப் பெட்டியின் தகடு மெல்லியது, கோடாலியும் அலவாங்கும் அதற்குப் போதும். பெருந்தொகை நகைக்கு வங்கி லொக்கர்தான்.

நிலத்தில் பூட்டலாமா, வெள்ளம் வந்தால்?

தொழிற்சாலையில் துளை போட்டு வந்திருந்தால் மட்டும் பூட்டுங்கள். மேசனைக் கொண்டு புதுத் துளை போட்டால் அந்த வழியாகச் சூடும் உள்ளே போகும். சீமெந்து நிலத்தில் நேரே வைத்தால் அடித்தகடு துருப்பிடிக்கும், இடையில் தடித்த றப்பர் விரிப்புப் போடுங்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பகுதிகள் இங்கே பல. தீக்காப்பு என்று எழுதியிருந்தால் நீர்க்காப்பும் இருக்கும் என்று இல்லை. தாழ்ந்த காணி என்றால் ஒரு அடி உயரக் கொங்கிறீட் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். மரமேசை வேண்டாம், எரிந்து பெட்டியோடு விழும்.

அவசரமாக வெளிக்கிட வேண்டி வந்தால்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து நடந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 40 கிலோப் பெட்டியோடு யாரும் ஓட முடியாது. உறுதிகள், பிறப்பு, விவாகப் பத்திரங்கள், பாஸ்போர்ட், எல்லாம் பிடியுள்ள ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை பெட்டிக்குள் முன்பக்கம் இருக்கட்டும். கதவைத் திறந்து ஒரு கையால் இழுத்தால் வர வேண்டும்.

உறுதி இலக்கம், திகதி, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், காணிப் பதிவகத்தில் பதிந்த விபரம், இவற்றை ஒரு தாளில் எழுதி வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது வழக்கம். மூலம் போனாலும் அந்த விபரத்தோடு போய் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

தீ அணைந்துவிட்டது, பெட்டி கருகிக் கிடக்கிறது

திறக்காதீர்கள். எல்லோரும் பதறி ஓடிப் போய்த் திறக்கப் பார்ப்பார்கள், மனம் கேட்காது, விளங்குகிறது. ஆனால் உள்ளே கடதாசி கொதித்துப் போய் இருக்கும். கதவு திறந்து காற்றுப் பட்டவுடன், அதுவரை தப்பியிருந்தது பற்றிக்கொள்ளக்கூடும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் வேண்டாம். தணலை விலக்கி, ஒரு முழு நாளாவது அப்படியே விடுங்கள். புறங்கையை எல்லாப் பக்கமும் வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்றால்தான் கதவைத் தொட வேண்டும். விசைப்பலகை உருகிப் போயிருக்கும், அக்கா வீட்டில் கொடுத்து வைத்த திறப்பு அப்போதுதான் உதவும்.

உள்ளே எல்லாம் நனைந்திருந்தால் பயப்படாதீர்கள். சுவர் தன் தண்ணீரை விட்டிருக்கிறது, பெட்டி வேலை செய்திருக்கிறது. ஒட்டிய தாள்களைப் பிரிக்கப் பார்க்காமல் கட்டாகவே எடுங்கள். சில தாள்கள்தான் என்றால் அச்சில்லாத வெள்ளைக் கடதாசி இடையிட்டு மின்விசிறியின் கீழ் காய விடுங்கள், இடைக்கடதாசி நனைய நனைய மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் காய வைக்க முடியாத அளவு இருந்தால், கட்டுக் கட்டாகப் பொலித்தீன் பையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் உறைய வைத்துவிடுங்கள். உறைந்த கடதாசியில் பூஞ்சணம் வளராது. வீட்டு அலுவல்கள் ஓய்ந்தபின் ஒரு கட்டு, ஒரு கட்டாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம்.